மெதுவாக இழுக்க ஒரு மேனிஃபோல்டு

ஒரு காலத்தில் ஊரே அவரைக் கொக்கி என்று கூப்பிட்டது. வழியில் நின்றுபோன கார், வேன், சின்ன லாரி எதுவானாலும் தன் நீல டீசல் வண்டியைப் பின்னால் நகர்த்திக்கொண்டு வந்து, சங்கிலியை இறக்கி, கொக்கியை மாட்டிப் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். மாட்டும்போது வாயைத் திறக்கமாட்டார். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று புலம்புவார், டயரை உதைப்பார், வீட்டுக்குப் போன் போட்டுத் திட்டு வாங்குவார். கொக்கி சங்கிலியின் இரு பக்கமும் ஒரே நீளமா என்று மட்டும் பார்ப்பார். ஒரு கண்ணி கூடினாலும் கழற்றித் திரும்பப் போடுவார். தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற மாதிரிதான் அவர் வண்டியைத் தூக்குவார் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள்.

வீட்டின் முன்னறைதான் அலுவலகம். ஒரு மேசை, ஒரு போன், போனுக்குப் பக்கத்தில் அவர் மனைவி. எந்த வளைவில், என்ன வண்டி, சக்கரம் உருளுமா உருளாதா என்று கேட்டு அனுப்பிவைப்பது அவள் வேலை. எவ்வளவு பதற்றமாகப் பேசுகிறவரையும் அவள் குரல் நாற்காலியில் உட்காரவைத்துவிடும்.

அந்தக் கொக்கி என்ற பெயர் ஒரே நாளில் போய்விட்டது. அதற்கப்புறம் கடைத்தெருவில் அவர் பெயர் தொங்கல்.

அப்படி ஆக்கியவர் அத்தான். கொக்கியின் அக்காவைக் கட்டியவர். ஊரில் இருந்த இன்னொரு இழுவை வண்டி அவருடையது. மஞ்சள் நிறம், நீலத்தைவிட நீளம், கனமும் அதிகம். வாயில்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போய்விடும் என்பார்களே, அத்தானுக்கு அந்தக் கவலை மட்டும் கிடையாது. துக்க வீட்டுக்குப் போனால்கூட நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் திரும்புவார்.

நடந்தது இதுதான். ஊருக்கு வரும் சாலையில் கடைசியாக ஒரு நீண்ட ஏற்றம் உண்டு. கொக்கி ஒரு காரை இழுத்துக்கொண்டு அதில் ஏறும்போது நீல வண்டி கரும்புகையைக் கக்கி, இரண்டு முறை இருமி, நின்றுவிட்டது. பின்னால் வரிசை கட்டிய வண்டிகளில் யாரோ மஞ்சள் வண்டிக்குச் சொல்லிவிட்டார்கள். அத்தான் வந்தார். காரை ஓரம் தள்ளி நிறுத்தினார். நீல வண்டியின் பின்பக்கத்தில் கொக்கியை மாட்டித் தூக்கினார்.

"முன்பக்கம் போடுங்க அத்தான்," என்றார் கொக்கி.

"பின்சக்கரம் உருண்டா உன் கியர்பாக்ஸ் போயிடும் மாப்ளே. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அதில் தொழில் ரீதியாகக் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் கொக்கிக்கு இன்னும் எரிந்தது.

இந்தத் தொழிலில் எழுதாத விதிகள் இரண்டு உண்டு. இழுபடும் வண்டிக்காரன், இழுக்கிறவன் பக்கத்தில் உட்கார வேண்டும். எந்த வழியாகப் போவது என்பதைக் கொக்கி போட்டவன்தான் முடிவு செய்வான். பட்டறைக்குச் சுற்றுச்சாலை வழியாக நேரே போகலாம். அத்தான் கடைத்தெருவுக்குள் திருப்பினார். கூரைமேல் சுழலும் விளக்கைப் போட்டார். ஊர்வலம் போகிற மாதிரி போனார். இழுவை வண்டி ஒன்று பின்புறம் தூக்கியபடி, மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு தலைகீழாக இழுபடுவதைக் கடைத்தெரு அதற்கு முன் பார்த்ததில்லை. செருப்புக்கடைக்காரர் அளந்துகொண்டிருந்த காலை விட்டுவிட்டு வெளியே வந்தார். ரொட்டிக்கடை வாசலில் அத்தான் வண்டியை நிறுத்தினார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒரு பன் கேட்டார். பிறகு தெருவுக்கே கேட்கிற குரலில் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"உனக்கும் ஒண்ணு சொல்லட்டா மாப்ளே? தொங்கிக்கிட்டே வந்தது களைப்பா இருக்கும்."

தெரு சிரித்தது. சிரித்தவர்கள் மேல் கொக்கிக்கு வருத்தமில்லை. அவர் அந்தப் பக்கம் நின்றிருந்தால் அவருக்கும் உதடு துடித்திருக்கும். அந்தப் பன்னை மென்ற அத்தானின் தாடையை மட்டும் அவரால் மறக்க முடியவில்லை. அவசரமே இல்லாத தாடை.

மறுநாள் பட்டறையில் எஞ்சினைத் திறந்தார்கள். மெக்கானிக்கை எல்லோரும் வெள்ளைச்சட்டை என்பார்கள். டீசலிலும் கிரீஸிலும் புழங்கினாலும் தினமும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். கறை பட்டதை யாரும் பார்த்ததில்லை. அவர் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காற்றை ஒரு வாயால் வாங்கி, எஞ்சினின் நான்கு அறைகளுக்கும் பிரித்துக் கொடுக்கும் குழாய்க் கூடு அது. உள்ளே கரி தடித்துப்போய், கட்டைவிரல் நுழையவும் இடமில்லை.

"இத்தனை நாள் மூக்கடைப்போடதான் ஏறியிருக்கு," என்றார் வெள்ளைச்சட்டை. "கழுவிடலாம்னு பார்த்தா ஓரத்துல விரிசலும் விட்டிருக்கு. கம்பெனிப் பொருள் போட்டா மறுபடியும் இதே குறுகல்தான். வெளிய செய்றவங்க ரெண்டு வகை போடறாங்க. ரெண்டையும் வரவழைக்கிறேன், பார்த்து எடு."

இரண்டும் வந்தன. ஒன்று பளபளவென்ற அலுமினியம். பெட்டி போல அகன்ற வயிறு, நான்கு குட்டைக் கால்கள். இன்னொன்று மங்கிய சாம்பல் நிறம். ஒடுங்கிய உடம்பிலிருந்து நான்கு நீளக் கழுத்துகள் வளைந்து இறங்கின. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று மாப்பிள்ளைத் தோழன், மற்றது பந்தியில் பரிமாறுகிறவன்.

கொக்கி பளபளப்பைக் கையில் எடுத்தார்.

"அது நல்லா காத்து வாங்கும்," என்றார் வெள்ளைச்சட்டை. "எஞ்சின் வேகமாச் சுத்துறப்போ. ஆனா வயிறு பெரிசு. பளுவோட, மெதுவா சுத்துறப்போ, காத்த உள்ள தள்ற டர்போ அந்த வயித்த ரொப்பி முடிக்கிறதுக்குள்ள நீ ஏத்தத்துல நின்னுடுவ."

"மஞ்சள் வண்டிய ஏத்தத்துல தாண்டணும். தாண்டுமா?"

"பளு இல்லாமலா?"

"பளு இல்லாம."

"தாண்டும். ஆனா நீ இழுவை வண்டிக்காரன். பளு இல்லாம உனக்கு என்ன வேலை?"

கொக்கி பளபளப்பை அவர் பக்கம் நகர்த்தினார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று வெள்ளைச்சட்டைக்குச் சொல்லத் தோன்றியிருக்கும். ஸ்பேனரை எடுத்துக்கொண்டார்.

அது தாண்டத்தான் செய்தது. ஏற்றத்துக்கு அப்பால் ஒரு கார் நின்றுவிட்டதாக இரண்டு வண்டிகளுக்கும் தகவல் போயிருந்தது. யார் முதலில் போகிறார்களோ அவர்களுக்கு வேலை. அத்தான் முந்திப் போய் அந்தக் காரை அங்கேயே கிளப்பிவிட்டார். மஞ்சள் வண்டி வெறுமையாகத் திரும்பும்போது, வேலை கிடைக்காத கொக்கியும் வெறுமையாகப் பின்னால் வந்தார். ஏற்றத்தின் நடுவில் காலை அழுத்தினார். நீல வண்டி இரைந்துகொண்டு பாய்ந்தது. மஞ்சள் கதவு பக்கத்தில் வந்து, பின்தங்கி, கண்ணாடிக்குள் சிறுத்துப்போனது. இதற்காகத் தூக்கமில்லாமல் கிடந்தவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. தாண்டிய கணத்தில் அத்தானின் முகம் எப்படி இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார்.

அத்தான் தலையைக் குனிந்து, ஒரு கையால் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை டீசல் போடும் இடத்தில் அத்தானே வந்து தோளைத் தட்டினார். "காலைல ஏத்தத்துல ஒரு நீல வண்டி தலைதெறிக்கப் போச்சே, நீயா மாப்ளே? எவனோ வயித்துப்போக்கு வந்தவன்னு நெனச்சேன்."

அடுத்த வாரம் தண்ணீர்ப் பாட்டில் ஏற்றிய வேன் ஒன்றைக் கொக்கி அதே ஏற்றத்தில் இழுத்தார். வெள்ளைச்சட்டை சொன்னது அட்சரம் பிசகாமல் நடந்தது. இரண்டாவது கியரில் எஞ்சின் குழைந்தது. காலை அழுத்தினால் புகை வந்தது, பலம் வரவில்லை. எதையோ சொல்ல வந்து மறந்துபோன ஆளைப்போல வண்டி திணறிக்கொண்டு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வேன்காரர் சங்கோசத்தோடு கேட்டார்:

"அண்ணே, நான் வேணா இறங்கித் தள்ளட்டுமா?"

இழுக்கப்படுகிறவன் இறங்கித் தள்ளுகிறேன் என்று சொல்லும் நிலைமை வந்தபிறகு இந்தத் தொழிலில் கேட்க வேறு ஒன்றும் பாக்கி இல்லை. கொக்கி வேனோடு சேர்த்து அங்குலம் அங்குலமாகப் பின்னால் இறக்கி அடிவாரம் வந்து சேர்ந்தார். அந்த வேனை மேலே கொண்டுபோனது மஞ்சள் வண்டி.

மதியம் சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் கைவைக்கவில்லை. மனைவி எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க அத்தானைத் தாண்டணும்னு அந்தச் சாமானைப் போட்டீங்க. தாண்டிட்டீங்க. என்ன ஆச்சு?"

"ஆரஞ்சு உரிச்சிட்டிருந்தார்."

"உரிக்காம இருந்திருந்தா மட்டும்? அந்த ஏத்தத்துல யாரு நின்னு பார்த்தாங்க? ஆடு கூட இல்ல." தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். "அவர் உங்கள ஓடியா ஜெயிச்சார்? மெதுவாப் போய்த்தானே ஜெயிச்சார்."

கொக்கி நிமிர்ந்து பார்த்தார். இந்த மனுஷிக்கு உள்ளே இவ்வளவு வஞ்சம் இருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. போனில் எல்லோரையும் ஆற்றுகிற அதே குரலில்தான் சொன்னாள்.

"அவர் வண்டியும் இரும்புதான்," என்றாள். "என்னிக்காவது நிக்கும். நிக்கிற அன்னிக்கு, ஊர்ல இருக்கற இன்னொரு வண்டி நம்மளது. அன்னிக்கு நீங்க ஏத்தத்துல இருமிட்டு நின்னா, நான் இந்தப் போன எடுத்துக் கெணத்துல போட்டுடுவேன்."

சாப்பிட்டு முடித்ததும் அவளே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பி, கொக்கியை நீல வண்டியை எடுக்கச் சொன்னாள். கோபத்தோடு கடைக்கு அனுப்பினால் ஆண்கள் பளபளப்பைத்தான் வாங்கி வருவார்கள் என்பது அவள் அனுபவம்.

பட்டறையில் சாம்பல் நிற மேனிஃபோல்டு இன்னும் அலமாரியில் இருந்தது. மனைவி அதையும், மூடியைத் திறந்த நீல வண்டிக்குள் இருந்த பளபளப்பையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இதுல மெதுவாப் போறதுக்கு எது?"

வெள்ளைச்சட்டை கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷத்துல யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லம்மா. எல்லாரும் எது பறக்கும்னுதான் கேப்பாங்க."

"பறந்தாச்சு. இப்ப நடக்கணும். பளுவோட."

அவர் சாம்பல் நிறத்தைக் கீழே எடுத்தார். ஒவ்வொரு கழுத்துக்குள்ளும் கைவிளக்கை விட்டுக் காட்டினார். நான்கிலும் வெளிச்சம் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. எஞ்சினில் உட்காரும் முகத்தின்மேல் எஃகு ஸ்கேலை நிறுத்தி, இடுக்கில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்தார். தெரியவில்லை. குளிர்காலக் காலைகளில் காற்றைச் சூடாக்கும் ஹீட்டருக்கும் இதில் இடம் இருந்தது. பளபளப்பில் அது இல்லை.

"இது ஒண்ணும் மந்திரம் இல்ல," என்றார். "குருவியைக் கழுகாக்காது. ஆனா நாலு அறைக்கும் சமமாக் காத்து போகும், சின்ன உடம்புங்கறதால சீக்கிரம் ரொம்பும். எஞ்சின் மெதுவாச் சுத்துறப்பவே பலம் வந்துடும். சேர்த்து எல்லாக் குழாயிலயும் கரி எடுத்துடணும். ஆமா, எதை இழுக்கப் போறீங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மஞ்சளா ஒண்ணு," என்றாள் மனைவி.

வெள்ளைச்சட்டை கீழே வைத்த துணியைத் திரும்ப எடுத்தார். மஞ்சள் வண்டிக்காரர் வெளியூரில் எங்கே போனாலும், 'எங்க ஊர் மெக்கானிக் வெள்ளைச் சட்டை போடறதுக்குக் காரணம், அவன் வேலையே செய்றதில்ல' என்று ஒரு ஜோக் சொல்வது வழக்கம். அது அவர் காதுக்கும் வந்திருந்தது.

"அப்ப காத்து கசியாம இருக்க கேஸ்கெட்டும் உசத்தியாப் போட்டுடலாம்," என்றார்.

பொருத்தி முடித்த பிறகு கொக்கி பொறுமையாகத் தன்னைத் தயார்செய்துகொண்டார். பட்டறைக் கொல்லையில் கிடந்த பழைய லாரிக் கூட்டைக் கொக்கியில் மாட்டி ஏற்றத்தில் இழுத்துப் பழகினார். முதல் கியரில், காலை வெறுமனே வைத்திருந்தாலே போதும் என்கிற அளவுக்கு எஞ்சின் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறியது. கடைத்தெருவிலும் சில நாள் வெறும் வண்டியைக் கைத்தடி ஊன்றிய கிழவரின் நடைக்கு ஓட்டிப் பார்த்தார். "என்ன தொங்கல், எதையாவது தொலைச்சிட்டியா?" என்று செருப்புக்கடைக்காரர் கேட்டார். "ஆமா, தேடிட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வன்மம் ஒரு வளர்ப்புப் பிராணி மாதிரிதான். வேளாவேளைக்குத் தீனி போட்டால் யாரையும் தொந்தரவு செய்யாமல் கிடக்கும். வண்டியைத் துடைக்கும்போதெல்லாம் கொக்கி அதற்குக் கொஞ்சம் போட்டார்.

அந்தப் போன் ஒரு முற்பகலில் வந்தது. மனைவி பேசிக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்ததுமே கொக்கி சாவியை எடுத்துவிட்டார். பேசியது அக்கா.

"தம்பிகிட்ட சொல்லு. கண் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டுத் திரும்பி வரோம். ஏத்தத்து அடியில க்ளட்ச் போயிடுச்சு. வெளியூர் வண்டியக் கூப்பிடறேன், சாயங்காலம் வரைக்கும் உக்காருன்னு இவர் சொல்றார். நான் அவர் பேச்சக் கேக்கல. உன்னைக் கூப்பிடறேன்."

கொக்கி போய்ச் சேர்ந்தபோது மஞ்சள் வண்டி ஓரத்தில் நின்றது. அக்கா ஆஸ்பத்திரியில் கொடுத்த பெரிய கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். அத்தான் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தார்.

"வா மாப்ளே. உனக்கெதுக்குச் சிரமம். உன் வண்டிக்கு இது தாங்காதே."

கொக்கி பின்பக்கம் போனார். சங்கிலியை இறக்கினார். இரு பக்கமும் ஒரே நீளமா என்று பார்த்தார்.

"முன்பக்கம் போடு," என்றார் அத்தான், இந்தமுறை குரல் இறங்கி.

"பின்சக்கரம் உருளக் கூடாது அத்தான். உங்களுக்குத் தெரியாததா."

மூன்று பேரும் நீல வண்டியில் ஏறினார்கள். அக்கா நடுவில், அத்தான் ஜன்னலோரம். கொக்கி முதல் கியரைப் போட்டு, காலை மெல்ல வைத்தார். பின்னால் அந்தக் கனம் முழுவதும் சங்கிலியில் வந்து உட்கார்ந்ததை முதுகெலும்பில் உணர்ந்தார். எஞ்சின் ஒருமுறை தாழ்ந்தது. பிறகு எங்கோ அடியிலிருந்து காற்று வந்தது. நீண்ட கழுத்துகளின் வழியே இறங்கி, அறை அறையாக நிரம்பி, வண்டியைத் தோள்கொடுத்துத் தூக்கியது. புகை இல்லை, இருமல் இல்லை. சாலையோரத்துக் கற்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. ஏற்றம் முடியும்வரை அத்தான் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து கொக்கி பார்த்த முதல் முறை அது.

மேலே சாலை பிரிந்தது. வலப்பக்கம் சுற்றுச்சாலை, இடப்பக்கம் கடைத்தெரு.

"பைபாஸ்ல போயிடு மாப்ளே. உங்கக்காவுக்குக் கண்ணு கூசுது."

"கண்ணாடி போட்டிருக்கேன்," என்றாள் அக்கா, நேரே பார்த்தபடி. "எனக்கு ஒண்ணும் கூசல."

கொக்கி இடப்பக்கம் திருப்பினார். சுழலும் விளக்கைப் போட்டார். பழகிவைத்திருந்த நடைக்கு வண்டியைக் கொண்டுவந்தார். கடைகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். இத்தனை நாள் தீனி போட்டு வளர்த்த கணம் இதோ வந்துவிட்டது என்று அத்தானின் முகத்தைத் திரும்பிப் பார்த்தார்.

அத்தான் முழங்கையை ஜன்னலுக்கு வெளியே போட்டுக்கொண்டு கையாட்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீங்களா, எங்க மாப்ளே வண்டிய? என் வண்டியவே தூக்கிட்டு வர்றான். ஏத்தத்துல பஞ்சு மாதிரி வந்துச்சு. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்த தொழில்."

தெரு சிரித்தது. ஆனால் அத்தானோடு சேர்ந்து சிரித்தது. யாரோ கை தட்டினார்கள். வெட்கம் என்ற சாமானே இல்லாத மனிதனை எதைக் கொண்டு வெட்கப்படுத்துவது. கொக்கியின் காதுமடல்கள் சுட்டன. ரொட்டிக்கடைக்கு எதிரில் வந்தபோது அத்தான் அவர் தொடையைத் தட்டினார்.

"நிறுத்து மாப்ளே. எல்லாருக்கும் ஆளுக்கொரு பன் நான் வாங்கித் தர்றேன்."

கொக்கி நிறுத்தினார். தெருவின் நட்ட நடுவில்.

இறங்கிப் பின்னால் போனார். சங்கிலியை ஏற்றி இறக்கும் வின்ச்சின் கைப்பிடியைச் சுற்றி மஞ்சள் வண்டியைத் தரையில் இறக்கினார். ஒரு பக்கச் சங்கிலியைக் கழற்றினார், மறுபக்கத்தைக் கழற்றினார், கொக்கியை எடுத்துத் தன் வண்டியில் போட்டார். சங்கிலி விழுந்த சத்தத்தில் தெருவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. க்ளட்ச் போன கனத்த வண்டி, இரு பக்கமும் அடைத்துக்கொண்டு, முகத்தைத் தப்பான திசையில் வைத்து நின்றது. பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று.

பன்னுக்காக இறங்கியிருந்த அத்தான் ஓடிவந்தார். "என்ன மாப்ளே பண்ற?"

"கொக்கி போட்டவன் சொல்றதுதான் வழி அத்தான். வழி இவ்வளவுதான்."

"விளையாடாதே. தெருவே அடைச்சு நிக்குது. ஜனங்க என்னைத் தின்னுடுவாங்க."

"ஜோக் சொல்லுங்க. சிரிப்பாங்க."

நீல வண்டி கிளம்பியது. செருப்புக்கடைக்காரர் அத்தானிடம் குரலை உயர்த்திப் பேசுவது கண்ணாடியில் தெரிந்தது. பஸ் ஓட்டுநரும் இறங்கி வந்துகொண்டிருந்தார். அத்தானின் வாய் அசைந்தது. யாரும் சிரிப்பதாகத் தெரியவில்லை.

கொக்கி அப்போதுதான் பக்கத்து இருக்கையைக் கவனித்தார். அக்கா இறங்கவே இல்லை.

"உன்னை வீட்ல விடட்டுமா அக்கா?"

"உங்க வீட்டுக்கே போ. பசிக்குது." கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "எவ்வளவு நேரம் அப்படியே விடப்போற?"

"சாப்பிட்டுட்டுப் பார்க்கலாம்."

அவர்கள் முன்னறைக்குள் நுழைந்தபோது மனைவி ஏற்கெனவே போனில் மூன்றாவது ஆளிடம் பேசிக்கொண்டிருந்தாள். கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

"சொல்லுங்கண்ணே. கடைத்தெருவுலயா. என்ன வண்டி? மஞ்சளா. ரொம்ப அடைச்சு நிக்குதா?" ஒவ்வொன்றையும் அக்கறையோடு கேட்டாள். "ஐயோ பாவம். எங்க வண்டி இப்பத்தான் ஒரு வேலையா வெளிய போயிருக்கு. வண்டிக்காரர் பக்கத்துல இருக்காரா? அவரையே பேசச் சொல்லுங்க. இருக்கேன், லைன்லயே இருக்கேன்."

போனை மேசைமேல் படுக்கவைத்துவிட்டு எழுந்து, அக்காவுக்கும் சேர்த்து மூன்று தட்டுகளை எடுக்கப் போனாள்.